திறவுகோலும் கள்ளத் திறவுகோலும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் இச்சிறு உறுப்பு சுரக்கும் ஹார்மோனைச் சார்ந்தவை. ஆயினும் அது தன் விருப்பம்போல் இயங்குவதன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றை இரத்தத்தின் வழியே அனுப்புகிறது. அந்த ஹார்மோனைத் திறவுகோல் எனக் கொண்டால், அதற்கென்றே அமைந்த பூட்டு தைராய்டு உயிரணுக்களின் மேற்பரப்பில் உண்டு. அறிவியலார் அதனை ‘ஏற்பி’ என்பர். இப்பூட்டு கண்டறியப்பட்ட வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

வரலாறு ஒரு நோயில் தொடங்குகிறது. கழுத்து வீங்கி, விழிகள் பிதுங்கி, நெஞ்சு படபடக்க, உண்டும் உடல் மெலியும் நிலையை இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் பாரி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டு குறித்து வைத்தார். அவர் மறைந்த பின்னர், 1825இல்தான் அக்குறிப்பு அச்சேறியது. 1835இல் டப்ளின் நகரத்து ராபர்ட் கிரேவ்ஸும், 1840இல் ஜெர்மனியின் மெர்சபர்க் நகரத்து பாசடோவும் இந்நோயை விளக்கி எழுதினர். இன்றும் ஆங்கில நாடுகளில் கிரேவ்ஸ் பெயராலும், ஜெர்மானிய நாடுகளில் பாசடோ பெயராலும் அது வழங்குகிறது. இதயத்தின் கோளாறு என்றனர் சிலர். நரம்பின் கோளாறு என்றனர் வேறு சிலர். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதே காரணம் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாயிற்று. அப்படியாயின், அச்சுரப்பியை அவ்வாறு விரட்டுவது எது?

1916இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிலிப் ஸ்மித், தலைப்பிரட்டைகளின் பிட்யூட்டரியை நீக்கிப் பார்த்தார். அவற்றின் தைராய்டு சுருங்கிப்போயிற்று. அவை தவளையாக மாறவும் இல்லை. தைராய்டுக்கு எசமான் பிட்யூட்டரியே என்பது இதனால் புலனாயிற்று. எனவே, கிரேவ்ஸ் நோயில் எசமானே மிகுதியாக ஏவுகிறான் என அறிஞர் பலர் முடிவு கட்டினர். பார்வைக்குப் பொருத்தமான முடிவுதான். எனினும் அது தவறாயிற்று.

தவறு வெளிப்பட்டது 1956இல், நியூசிலாந்தின் டனீடின் நகரில். ஆடம்ஸ், பர்வ்ஸ் என்னும் இருவர், கதிரியக்க அயோடின் செலுத்திய கினிப் பன்றிகளுக்கு நோயாளிகளின் இரத்தச் சீரத்தை ஊசிவழி ஏற்றினர். பிட்யூட்டரியின் ஹார்மோனாயின் அதன் விளைவு சில மணி நேரத்தில் உச்சத்தை எட்டித் தணிந்துவிடும். நோயாளிகள் சிலரின் சீரமோ மெல்லத் தொடங்கி நெடுநேரம் தைராய்டைத் தூண்டிக்கொண்டேயிருந்தது. ஆகவே, அது பிட்யூட்டரியின் பொருளன்று, வேறொன்று. 1964இல் அந்த வேறொன்று இம்யூனோகுளோபுலின் ஜி வகையைச் சார்ந்தது, அதாவது நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிட உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் எனத் தெரியவந்தது. காவலன் கள்ளத் திறவுகோலைச் செய்து வீட்டையே திறந்துவிட்டான் என்று சொல்வதில் பிழையில்லை. 1974இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ரீஸ் ஸ்மித், ஹால் ஆகியோர், இவ்வெதிர்ப்பொருள் பிட்யூட்டரி ஹார்மோன் பொருந்த வேண்டிய அதே இடத்திற்குப் போட்டியிடுவதைக் காட்டினர். 1989இல் பிரஸ்ஸல்ஸ் ஆராய்ச்சியாளர் உள்ளிட்டோர் அந்த ஏற்பியின் மரபணுவையே பிரித்தெடுத்தனர். 764 அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலி அது; உயிரணுவின் உறையை ஏழு முறை ஊடுருவி நிற்பது.

பூட்டின் வடிவம் தெரிந்ததும் வேறு பல புதிர்களும் அவிழ்ந்தன. திறவுகோலே இன்றித் தானே திறந்து நிற்கும் பழுதுபட்ட பூட்டு சிலரது தைராய்டுக் கட்டிகளில் இருப்பது 1993இல் கண்டறியப்பட்டது. எத்திறவுகோலுக்கும் இசையாத பூட்டுடன் பிறப்போரும் உளர். துளையை அடைத்துக்கொண்டு, உண்மைத் திறவுகோலை நுழையவிடாமல் செய்யும் எதிர்ப்பொருள்களும் உண்டு. அவற்றால் தைராய்டு சோம்பிப்போகிறது.

ஆடம்ஸும் பர்வ்ஸும் தம் முடிவை வெளியிட்ட அதே 1956இல், நம் நாட்டின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் கழுத்துக் கழலையை ஆராயத் தொடங்கினர். அங்கும் கழுத்து வீங்கியிருந்தது, காரணமோ வேறு. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அயோடின் இல்லாமையால் தைராய்டு போதிய ஹார்மோனைச் செய்ய இயலவில்லை. பிட்யூட்டரி மேன்மேலும் ஏவ, ஓயாத ஏவலால் சுரப்பி பருத்தது. ஆராய்ச்சிக்குழு பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாக வகுத்து, இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றிற்குச் சாதாரண உப்பும் வழங்கச் செய்தது. சில ஆண்டுகளில் அயோடின் உப்புப் பெற்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் இந்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

எனவே, ஒரே வீக்கத்திற்கு இருவேறு காரணங்கள் இருத்தல் கூடும். ஒருவருக்கு அயோடின் அருமருந்து. மற்றொருவருக்கு அதுவே மிகுதியானால் தீங்கு. வெளித்தோற்றங் கண்டு மருந்து கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வறிவின் பயன் இன்னும் பிறவாத குழவியையும் எட்டுகிறது. கிரேவ்ஸ் நோய்க்காகத் தைராய்டையே அகற்றிக்கொண்ட தாயின் உடலிலும் கள்ளத் திறவுகோல்கள் எஞ்சியிருக்கலாம். அவளுக்கு அவற்றால் இனித் தீங்கில்லை. திறக்க அங்குப் பூட்டே இல்லை. ஆனால் அவை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவிலிருக்கும் குழவியின் தைராய்டைத் தூண்டவல்லவை. ஆதலால், தமக்கு இந்நோய் முன்பு இருந்ததென்பதைக் கருவுற்ற பெண்கள் மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும். இரத்தத்தில் அவ்வெதிர்ப்பொருளை அளந்தறியும் வசதி இன்று உண்டு. முன்னரே அறிந்தால் குழவியைக் காக்கலாம்; பிறந்த குழந்தையிடத்தும் அவை சில மாதங்களில் தாமே மறைந்துவிடும். கினிப் பன்றியின் உடலில் நிகழ்ந்ததொரு காலத் தாமதத்தை அலட்சியம் செய்யாது ஆராய்ந்த இருவரின் பொறுமைக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.