காற்றுவில்லும் சுருள்வில்லும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் கார்ப் பட்டறைகளில் ஒரு மாற்று வேலை நெடுநாளாக நடைபெற்று வருகிறது. விலையுயர்ந்த காரில், அதைச் செய்த ஆலையே பொருத்தி அனுப்பிய காற்றுவில்லைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் எஃகுச் சுருள்வில்லை மாட்டுவதே அவ்வேலை. புதியதை நீக்கிப் பழையதை வைப்பது போல இது தோன்றும். காற்று நுட்பமானது, எஃகு முரடானது என்னும் எண்ணமே அத்தோற்றத்திற்குக் காரணம். வரலாற்றை நோக்கினால், இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை என்பதும், எஃகு காற்றை வெளியேற்றுவது இது முதன்முறை அன்று என்பதும் புலனாகும்.

சொல்லிலிருந்து தொடங்குவது தகும். குலுக்கலைத் தாங்கும் இவ்வுறுப்பை ஆங்கிலேயர் துள்ளுதல் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். தமிழர் அதன் வடிவத்தைக் கண்டு வில் என்றனர். அடுக்கி வளைத்த எஃகுப் பட்டைகள் வேடன் கைவில்லைப் போன்றிருந்தமையின் அப்பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. பட்டைவில்லின்மேல் அமைந்த மாட்டு வண்டி வில்வண்டி. அச்சின்மேல் நேரே கிடந்தது கட்டை வண்டி. கட்டை வண்டியில் சென்றவர் சாலையின் கற்களைத் தம் எலும்பால் எண்ணினர். வில்வண்டியோ பண்ணையாரும் மிராசுதாரரும் ஏறிய ஊர்தி. திருவிதாங்கூரில் வெங்ஙானூர் அய்யன்காளி 1893-ஆம் ஆண்டில் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் ஓட்டிச் சென்ற நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டது. சாலையில் செல்லும் உரிமையை நிலைநாட்டக் கட்டை வண்டியே போதும். ஆயினும் அவர் வில்வண்டியைத் தேர்ந்தார். குலுங்காமல் செல்வதும் ஒரு தகுதியாக எண்ணப்பட்ட காலம் அது.

மேலைநாட்டில் சுருள்வில்லுக்கு 1763-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் உரிமம் வழங்கப்பட்டது. எனினும் வண்டிகளுக்கு முதலில் பயன்பட்டது பட்டைவில்லே. ஒபடையா எலியட் என்பார் 1804-இல் நீள்வட்ட வடிவப் பட்டைவில்லை வண்டியில் அமைத்தபின், கனத்த மரச்சட்டம் இல்லாமலே வண்டி கட்ட முடிந்தது.

வில்லின் இயல்பை ஆராய்ந்த கதை இதற்கும் முந்தியது. ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் ஆக்ஸ்போர்டில் காற்றைப் பற்றி ஆய்வு நடத்தியபோது, அவருக்குக் காற்றிறைக்கும் பொறியைச் செய்துகொடுத்த உதவியாளர் ராபர்ட் ஹூக். 1660-இல் பாயில் வெளியிட்ட நூலின் தலைப்பே காற்றின் வில்தன்மையைக் குறிப்பதாக இருந்தது. அடைபட்ட காற்றின் பருமனைப் பாதியாக்கினால் அதன் அழுத்தம் இரு மடங்காகும் என்னும் விதி 1662-இல் வெளிவந்தது. உதவியாளரான ஹூக்கோ, இழுத்த அளவுக்கு ஏற்ப வில் எதிர்க்கும் என்னும் தம் விதியை 1678-இல் விளக்கி எழுதினார். அதனைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுவிட்டதாகவும் கூறினார். ஆகவே காற்றுவில்லின் விதியும் எஃகுவில்லின் விதியும் ஒன்றாகப் பணியாற்றிய இருவர் உள்ளத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாயின எனலாம்.

இவ்விரு விதிகளுக்கும் உள்ள வேறுபாட்டிலேயே பிற்கால வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. எஃகுவில்லின் மேல் எடை கூடக் கூட அது தாழ்ந்துகொண்டே போகும், அசைவும் மெதுவாகும். ஒரு வண்டி நொடிக்கு ஒரு முறை மட்டும் மெல்ல ஏறி இறங்க வேண்டுமானால், அதன் எடையால் வில் ஏறத்தாழ 25 செண்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அவ்வண்டியின் எடை பாதியளவு கூடினால் மேலும் 12 செண்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து தரையைத் தொடும் நிலை வரும். காற்றுவில்லின் தன்மை வேறு. எடை கூடும்போது ஒரு வால்வு திறந்து இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே விடும். வண்டி பழைய உயரத்துக்கே எழும். அழுத்தம் கூடியதால் வில்லின் விறைப்பும் எடைக்கு ஒத்த அளவில் கூடுகிறது. ஆதலின் ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருந்தாலும் ஐவர் நிறைந்திருந்தாலும் அசைவு ஒரே தாளத்தில் நிகழும். எஃகால் இதனைத் தன்னந்தனியே செய்ய இயலாது.

இப்பயன் முதலில் பெரிதும் வேண்டப்பட்டது பேருந்துகளில்தான். வெறும் பேருந்துக்கும் நாற்பது பேர் ஏறிய பேருந்துக்கும் உள்ள எடை வேற்றுமை பெரிது. அமெரிக்காவில் கிரேஹவுண்ட் நிறுவனம் 1954-இல் ஓடவிட்ட சீனிக்ரூசர் பேருந்துகள் காற்றின்மேல் மிதந்தன. அங்கு வெற்றி கண்ட ஜெனரல் மோட்டார்ஸ் அதனைக் கார்களுக்கும் கொண்டுவந்தது. 1957-ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ புரோம் நான்கு சக்கரங்களிலும் காற்றுவில் பூண்டு வந்தது. விலை 13,000 டாலருக்கு மேல். மறு ஆண்டே ஷெவ்ரோலே முதலிய எளிய கார்களுக்கும், கூடுதல் விலை கொடுப்போர்க்கு, அது கிடைத்தது.

வந்த வேகத்திலேயே அது போயிற்று. குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிந்தது. வால்வுகளில் ஈரம் சேர்ந்தது. இரவு நிமிர்ந்து நின்ற கார் காலையில் வயிறு தரையில் படக் கிடந்தது. பேருந்துக்கு நாள்தோறும் பழுது பார்க்கும் பணிமனை உண்டு. தனி மனிதர் காருக்கு அது இல்லை என்பதைப் பொறியியலார் கருதத் தவறினர் போலும். உரிமையாளர் பலர் சுருள்வில்லுக்குத் திரும்பினர்; அதற்கு வேண்டிய மாற்று உறுப்புகளையும் நிறுவனமே விற்க நேர்ந்தது. இன்று கிள்ளான் பட்டறைகளில் நடப்பது அப்பொழுதே டெட்ராய்ட்டில் நடந்துவிட்டது. அக்காலத்துக் காடிலாக் கார்களில் எஃகின்மேல் நிற்பனவும் பல.

இதற்கிடையே பிரான்சில் சித்ரோயன் நிறுவனம் 1955-இல் வேறு வழி கண்டது. நைட்ரஜன் வாயுவை உருண்டைகளில் அடைத்து, எண்ணெயால் உயரத்தைச் சரிசெய்யும் அவ்வழி தனிக் கதை. இங்கு விரிக்க இடமில்லை. காற்றுவில் முற்றும் மடியவில்லை என்பதே அறிய வேண்டுவது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் 1961-இல் தன் 300எஸ்இ காரிலும் 1963-இல் 600 காரிலும் அதனைப் பொருத்தியது. 1984-இல் லிங்கன் மார்க் 7 கார் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் அதனை மீட்டது. 1990-களில் ரேஞ்ச் ரோவரும், 1998-இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரும் அதனை மேற்கொண்டன. இம்முறை அது கார்களில் நிலைத்துவிட்டது. ஆனால் புதிய காரை வாங்கியவரிடத்தில் நிலைத்ததே அன்றி, அதனை மூன்றாவது கையாக வாங்கியவரிடத்தில் நிலைத்தது என்று சொல்வதற்கில்லை.

போர்ட் கிள்ளான் இக்கதைக்குள் வருவது இங்கேதான். 1901-இல் ஆற்று முகத்தின் சதுப்பு நிலத்தில் திறக்கப்பட்டபோது இத்துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். திறந்தவுடன் மலேரியா தாக்கியதும், மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டுவித்துக் காய்ச்சலைத் தணித்ததும் மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. தோட்டங்களில் தமிழர் பால் வெட்டிச் சேர்த்த ரப்பர் இவ்வழியே கப்பலேறியது. 1972-இல் துறைமுகம் இப்போதைய பெயரைப் பெற்றது. 1973-இல் கொள்கலன் கப்பல்கள் வரத்தொடங்கின. அக்கொள்கலன்களில் வந்து இறங்கியவற்றுள் ஒன்று, ஜப்பானில் ஓடி ஓய்ந்த கார்களின் முன்பாதி. இதனை மலேசியர் 'ஹாஃப் கட்' என்பர். ஜப்பானிலும் வண்டிகள் இடப்புறம் ஓடுவதால் அவற்றின் உறுப்புகள் இங்குள்ள கார்களுக்குப் பொருந்தின. கார் பழுதுபார்ப்பவரைப் 'போர்மன்' என்று அழைப்பது மலேசிய வழக்கு. அப்போர்மன்மாரில் பலருக்கு இவ்வரைக் கார்களே பாடநூலாயின.

ஆனால் பழைய காரிலிருந்து எடுத்த காற்றுவில் நல்ல சரக்கு அன்று. இயந்திரத்தைத் திறந்து தேய்மானத்தை அளக்கலாம். ரப்பர்ப் பையின் வயதை அவ்வாறு அளக்க முடியாது. மடிந்து மடிந்து விரியும் இடத்திலேயே நுண்வெடிப்புத் தோன்றும். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் குறையாத கிள்ளான் கரையில் இன்னோர் இடரும் உண்டு. காற்றை அழுத்தும் பொறியோடு ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குப்பி ஒன்று இணைந்திருக்கும். மணிகள் நீரால் நிறைவுற்றபின் ஈரக்காற்று வால்வுகளுக்குள் புகும். பை கசிந்தால் பொறி ஓயாமல் ஓடும். ஓடிச் சூடேறிக் கருகும். முதலில் போனது பை. பின் போனது பொறி. உரிமையாளர் கையில் வரும் விலைச்சீட்டோ இரண்டுக்கும் சேர்த்து வரும். காரின் சந்தை விலை விழுந்த பின்னும் உறுப்பின் விலை விழாதது இதன் கொடுமை.

எஃகுக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. போர்ட் கிள்ளானைச் சார்ந்த பண்டமாரான் தொழிற்பேட்டையில் ஏபிஎம் நிறுவனம் பட்டைவில், சுருள்வில், அதிர்வடக்கி ஆகியவற்றைச் செய்கிறது. வில்வண்டியின் பட்டைவில்லும் இன்றைய காரின் சுருள்வில்லும் ஒரே பேட்டையில் உருவாகின்றன என்பது நோக்கத்தக்கது. காற்றுவில்லுக்கு மாற்றாகப் பட்டறையில் மாட்டப்படுவதில் ஒரு வகை, ஆலைச் சுருள்வில் போன்ற மாறாத உயரமுடையது. மற்றொன்று, உயரத்தை மாற்றத்தக்கது. அதிர்வடக்கியின் உடலில் திருகுமரை வெட்டி, அதன்மேல் சுருள்வில்லை அமர்த்தி, வளையங்களால் தாங்கச் செய்த ஒற்றை உறுப்பு அது. ஆங்கிலத்தில் காயில்ஓவர் என்னும் இதனை மலேசியக் கடைத்தெரு 'ஹை-லோ' என்கிறது. பந்தயக் கார்களிலிருந்து வந்தது இது.

இவ்வுறுப்பைப் பற்றிப் பரவலான ஒரு தவறு உண்டு. வளையத்தைத் திருகி வில்லை நெருக்கினால் வில் விறைப்பாகிவிடும் என்று பலர் நம்புவர். ஹூக்கின் விதி அதற்கு இடந்தராது. காரின் எடை மாறவில்லை. ஆகவே வில் தாங்கும் சுமையும் மாறவில்லை. அதன் நீளமும் மாறாது. வளையம் ஒரு செண்டிமீட்டர் ஏறினால் வில்லும் அதன்மேலுள்ள காரும் அவ்வளவுக்கு ஏறுமே தவிர, வேறொன்றும் நிகழாது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். இக்குறையைத் தவிர்க்கவே, வில்லைத் தொடாமல் கீழ்த்தாங்கியைத் திருகி உயரத்தை மாற்றும் வகை வந்தது; 'பாடி ஷிஃப்ட்' என்பது அதற்குக் கடைப்பெயர். உச்சியிலுள்ள குமிழைத் திருப்பி எண்ணெய் செல்லும் துளையைப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆக்கும் 'சாஃப்ட்-ஹார்ட்' வேறு செயல். அது வில்லை மாற்றாது. வில்லின் அசைவு அடங்கும் விரைவையே மாற்றும்.

மாற்றியபின் இழப்பது யாது? ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ எடை நிற்பதாகவும், வில் சக்கரத்தின் நேர்மேலே இருப்பதாகவும் கொள்வோம். மில்லிமீட்டருக்குப் பத்துக் கிலோ விறைப்புள்ள சுருள்வில் ஐந்து செண்டிமீட்டரே தாழும். அக்கார் நொடிக்கு இரு முறைக்குமேல் அசையும். காற்றின்மேல் ஒரு முறை அசைந்த கார் அது. மென்மையான வில்லைத் தேர்ந்தால், பின்னிருக்கையில் மூவர் அமரும்போது கார் பின்புறம் குந்தும். இரண்டையும் ஒருங்கே பெறுவது காற்றுவில்லால் மட்டுமே ஆகும். அதற்கு விலையும் கொடுக்க வேண்டும். குடும்பத்தை ஏற்றிச் செல்ல வாங்கிய காருக்குப் பந்தய விறைப்பைப் பொருத்துவது, வில்வண்டியின் வில்லைக் கழற்றிக் கட்டை வண்டி ஆக்குவதற்கு ஒப்பாகும். ஆனால் கசிந்த பையோடு ஒருபுறம் சாய்ந்து ஓடும் காரினும், அளவறிந்து பொருத்திய எஃகு பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை.

சட்டமும் நினைவிற்குரியது. மலேசியாவில் 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டி அமைப்பு, பயன்பாட்டு விதிகளும், 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் வண்டியின் அமைப்பை விரும்பியவாறு மாற்ற இடந்தருவதில்லை. ஆலை அமைத்த உயரத்தினின்றும் காரைத் தாழ்த்துவோர் ஜேபிஜே அதிகாரிகளுக்கு விடை சொல்ல நேரும். பட்டறையிலும் முறை உண்டு. பையிலுள்ள அழுத்தத்தை முதலில் வடிக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல் இணைப்பைத் தளர்த்தினால் உறுப்புத் தெறித்துக் கையைக் காயப்படுத்தும். பொருத்தியபின் சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்ய வேண்டும். காற்றுவில் எங்கே என்று கேட்டு மின்னணுப் பெட்டி முகப்பில் சிவப்பு விளக்கை எரியவிடும்; அதனை முறைப்படி அமைதிப்படுத்த வேண்டும். பல கார்களில் உயரத்தை அளக்கும் உணர்கருவியே முகப்பு விளக்கின் சாய்வையும் ஆள்கிறது. வேண்டாத பொருளென்று அதன் கம்பியைக் கழற்றித் தொங்கவிட்டால், விளக்கொளி மேல்நோக்கி எதிரே வருவோர் கண்ணில் விழும்.