சீனக்காரம்: சீன மருத்துவத்திலும் தோட்டத் தமிழர் வழக்கிலும் படிகாரம்

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலம், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் ஐந்து முக்கிம்களுள் சி ரூசாவும் ஒன்று. கடற்கரைச் சுற்றுலாவால் இன்று அறியப்படும் இவ்வட்டாரத்தின் உட்பகுதி, ரப்பர்த் தோட்டங்களோடு வளர்ந்ததாகும். தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழர்க்குப் படிகாரம் அன்றாடப் பொருளாக இருந்தது. கலங்கிய நீரைத் தெளிய வைக்கவும், சவரக் காயத்தில் தேய்க்கவும், ஈறு வீங்கினால் வாய் கொப்பளிக்கவும், குழந்தைக்குக் கண்ணேறு கழிக்கவும் அது பயன்பட்டது. அதே பொருளைச் சீன மருந்துக்கடைக்காரர் ‘பைபான்’ என்றும் மலாய்க்காரர் ‘தாவாஸ்’ என்றும் அழைப்பர். தமிழிலோ அதற்குச் ‘சீனக்காரம்’ என்றொரு பெயருண்டு. இப்பெயரைத் தொடக்கமாகக் கொண்டு, சீன மருத்துவத்தில் படிகாரம் பெற்ற இடத்தையும், தமிழர் வழக்கோடு அது பொருந்துமிடத்தையும், அம்மருந்தின் எல்லையை நெகிரி செம்பிலான் வரலாறு காட்டும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் தரும் செய்தி

‘படிகாரம்’ என்னும் சொல் படிகம் போன்ற தோற்றத்தால் அமைந்தது. வடமொழி மருத்துவ நூல்கள் இதனைச் ‘சௌராஷ்டிரி’ என்றும் குறிக்கின்றன. அஃதாவது, மேற்குக் கரையில் கிடைத்த பொருளாக வடவர் இதனை அறிந்திருந்தனர். தமிழரோ இதனைச் சீனத்தோடு சேர்த்துப் பெயரிட்டனர். சீனி, சீனப்பட்டு, சீனக்கற்பூரம் ஆகிய சொற்களின் வரிசையில் சீனக்காரமும் வைத்தெண்ணத்தக்கது.

எனினும், ஒரு பொருளின் பெயர் அப்பொருளைப் பற்றிய மக்களின் எண்ணத்தையும் வணிகத் தொடர்பையும் சுட்டலாமே தவிர, அதன் மருத்துவப் பயன்பாடும் அங்கிருந்தே வந்தது என்பதற்குச் சான்றாகாது. போகர் சீனம் சென்றார் என்னும் மரபுச் செய்தியையும் இவ்வளவிலேயே கொள்ளுதல் தகும். பெயரிலிருந்து நேரே முடிவுக்குத் தாவாமல், இரு மரபுகளின் செய்முறைகளை ஒப்பிடுவதே பயன்தரும்.

சீன மருத்துவ நூல்களில் படிகாரம்

சீனத்தின் மிகப் பழைய மருந்துப்பொருள் நூலாகிய ‘சென்னோங் பென்சாவ் சிங்’ ஏறத்தாழ கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டது. 365 மருந்துகளை மேல், இடை, கீழ் என மூவகைப்படுத்தும் அந்நூல், படிகாரத்தை மேல்வகையில் வைக்கிறது. வயிற்றுப்போக்கு, வெள்ளைப்படுதல், தீராப் புண், கண்வலி ஆகியவற்றுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த லீ சிச்சென் 1578இல் எழுதி முடித்த ‘பென்சாவ் காங்மு’ இச்செய்திகளை ஒழுங்குபடுத்துகிறது. படிகாரத்தின் பயன்களை அவர் நான்காகப் பகுக்கிறார். சளியை வாந்தியாகவும் கழிச்சலாகவும் வெளியேற்றுதல் முதலாவது. இரத்தப்போக்கு, குடல் இறக்கம், புண் ஆகியவற்றைத் துவர்ப்பால் சுருக்கி நிறுத்துதல் இரண்டாவது. ஈரத்தை உலர்த்திச் சீதபேதி முதலியவற்றைத் தணித்தல் மூன்றாவது. தொண்டைக்கட்டு, கட்டி, பாம்புக்கடி, பூச்சிக்கடி ஆகியவற்றில் நஞ்சை முறித்தல் நான்காவது. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் தமிழ் மருத்துவம் படிகாரத்திற்குக் கூறும் துவர்ப்புக் குணத்தோடு பெரிதும் ஒத்துள்ளன.

கூட்டு மருந்துகளுள் ‘பைசின் வான்’ என்னும் மாத்திரை குறிப்பிடத்தக்கது. மூன்று பங்கு படிகாரமும், மஞ்சள் இனத்தைச் சேர்ந்த ‘யூசின்’ என்னும் கிழங்கு ஏழு பங்கும் சேர்ந்தது அது. சளி மிகுந்து அறிவு மயங்குவதாகக் கருதப்பட்ட வலிப்புக்கும் பித்துக்கும் அது வழங்கப்பட்டது.

பொரித்த படிகாரம்

இரு மரபுகளும் மிக நெருங்குமிடம் சுத்தி முறையாகும். சீனர் படிகாரத்தைச் சட்டியிலிட்டு, உருகிப் பொங்கி நீர் வற்றி வெண்மையான நுண்துளைப் பொருளாகும்வரை சூடேற்றுவர். இதற்குக் ‘கூபான்’, அஃதாவது உலர்ந்த படிகாரம் என்று பெயர். தமிழர் இதனையே ‘பொரித்த படிகாரம்’ என்பர். சித்த மருத்துவம் மேலும் ஒருபடி சென்று, முட்டை வெண்கருவிட்டு அரைத்துப் புடமிட்டுப் படிகாரப் பற்பமாக்கி, நீர்க்கடுப்பு முதலிய சிறுநீர் நோய்களுக்கு வழங்குகிறது.

படிகாரத்தின் எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு படிகத்தில் கட்டுண்ட நீராகும். சூடேற்றும்போது அந்நீர் ஆவியாகி வெளியேறுவதால் கட்டி பொங்கிப் பருக்கிறது. எஞ்சிய பொருள் புண்ணின் கசிவை ஈர்த்து உலர்த்துகிறது. குழந்தையைச் சுற்றி நெருப்பிலிடும் படிகாரம் உருமாறிப் பொங்குவதும் இதே வினையால்தான். அவ்வுருவில் கண்பட்டவரின் முகத்தைத் தேடிய பாட்டியும், கூபான் செய்த சீன மருத்துவரும் ஒரே மாற்றத்தை இருவேறு நோக்கில் கண்டனர் எனலாம்.

படிகாரம் எட்டாத நோய்

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாங் சோங்சிங் இயற்றியதாகக் கூறப்படும் ‘சிங்குவெய் யாவ்லுவே’ என்னும் நூலில் ‘படிகாரக் கசாயம்’ ஒன்றுண்டு. கால் நோய் மேலேறி நெஞ்சைத் தாக்கும்போது, புளித்த தானிய நீரில் படிகாரத்தைக் கொதிக்க வைத்து அதில் பாதங்களை ஊற வைக்க அந்நூல் அறிவுறுத்துகிறது. ‘சியாவ்ச்சி’ எனப்பட்ட இக்கால் நோய் பிற்காலத்தில் பெரிபெரியோடு இணைத்துப் பேசப்பட்டது. பழைய நோய்ப்பெயரும் இன்றைய நோய்ப்பெயரும் முற்றும் ஒன்றல்ல என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்பெரிபெரி மலாயாவில் சீனச் சுரங்கத் தொழிலாளர் பலரைப் பலிகொண்டது. அதன் காரணத்தைக் கண்டறிந்த வரலாற்றில் நெகிரி செம்பிலானுக்குத் தனியிடம் உண்டு. இம்மாநிலத்தில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய டபிள்யூ. லியோனார்ட் பிராடன், 1907இல் வெளியிட்ட நூலில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனர் நோயுற்றதையும் புழுங்கலரிசி உண்ட தமிழர் அதற்கு ஆளாகாததையும் எடுத்துக்காட்டினார். கெட்டுப்போன அரிசியின் நஞ்சே காரணம் என்று அவர் கருதியது பிழையாயினும், அரிசியைச் சுட்டியது சரியே. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் இம்மாநிலத்து டுரியான் தீப்புஸில் சாலைப்பணி செய்த சாவகத் தொழிலாளரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். பச்சரிசிக் குழுவிலேயே நோய் தோன்றியது. முடிவுகள் 1909இல் வெளிவந்தன. நெல்லைப் புழுக்கும்போது உமியோட்டிய பகுதியிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குவதால் தீட்டினாலும் ஓரளவு எஞ்சுகிறது. அச்சத்தாகிய தையமின் 1926இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இதனைத் தமிழரின் மருத்துவ வெற்றியாகக் கொண்டாடுதல் பொருந்தாது. தமிழர் புழுங்கலரிசியை மருந்தென்று உண்ணவில்லை, பழக்கத்தால் உண்டனர். அதே தோட்டத் தமிழர் மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் பெருந்தொகையில் மாண்டனர். ஒரு நோய்க்குக் காலில் மருந்திட்டுப் பார்த்த மரபின் எல்லையும், தான் காத்ததை அறியாமலே காத்த பழக்கத்தின் எல்லையும் இங்கு ஒருங்கே தெரிகின்றன.

இன்றைய பயனும் எச்சரிக்கையும்

படிகாரத்தின் துவர்ப்பாற்றலை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. சிறுநீர்ப்பையின் கடும் இரத்தக்கசிவுக்கு ஒரு விழுக்காட்டுப் படிகாரக் கரைசல் மருத்துவமனைகளில் செலுத்தப்படுவதுண்டு. படிகாரமும் டானிக் அமிலமும் சேர்ந்த மூலநோய் ஊசிமருந்து 1970களில் சீனத்தில் உருவாகி, சப்பானிலும் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆயினும், படிகாரம் அலுமினியச் சேர்மம் என்பதை மறத்தலாகாது. உட்கொள்ளும் அளவைச் சீன மருந்தியல் தொகுப்பே 0.6 முதல் 1.5 கிராம் வரை என வரையறுக்கிறது. சிறுநீரகம் பழுதுற்றோர் உடலில் அலுமினியம் தங்கி மூளையையும் எலும்பையும் தாக்கக்கூடும். சிறுநீர் நோய்க்கு உரியதென்று கேள்விப்பட்டு, சிறுநீரக நோயாளி ஒருவர் தாமே இதனை உண்பது பேரிடராகும்.

முடிவுரை

இந்நாட்டில் சித்த மருத்துவம் தமிழரின் உடைமையாகவும் சின்சே மருத்துவம் சீனரின் உடைமையாகவும் தனித்தனியே எழுதப்பட்டு வருகின்றன. படிகாரம் அப்பிரிவினையை ஏற்கவில்லை. சீனரின் கூபானும் தமிழரின் பொரித்த படிகாரமும் ஒரே செய்முறை என்பதை அறிய, இரு மரபுகளையும் அருகருகே வைத்துக் காணல் வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், இவ்வழக்குகளை அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு இவற்றைத் தொகுக்கும்போது, ‘படிகாரம் புண்ணை ஆற்றும்’ என்ற அளவில் நின்றுவிடாமல், எவ்வளவு, எவ்வாறு பொரித்தது, புறத்துக்கா அகத்துக்கா, யாருக்கு விலக்கப்பட்டது என்பனவற்றையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அளவும் விலக்கும் இல்லாத மருத்துவக் குறிப்பு ஆய்வுக்கும் உதவாது, நோயாளிக்கும் தீங்காகலாம்.