பாக்கெட் இல்லாத பை ஆணியிலேயே தொங்கும்

உங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும். அதில் நாலைந்து துணிப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். கல்யாண வீட்டில் கொடுத்தது ஒன்று, ஜவுளிக்கடையில் கொடுத்தது ஒன்று, ஏதோ கூட்டத்தில் கொடுத்தது இரண்டு. போன வாரம் கருவேப்பிலங்குறிச்சி கடைத்தெருவுக்குப் போனபோது அவற்றில் ஒன்றையாவது கையில் எடுத்துப் போனீர்களா? நான் எடுத்துப் போகவில்லை. வண்டியை நிறுத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது. தக்காளிக்கும் கீரைக்கும் கவர் கேட்டேன், கடைக்காரரும் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வரும் பொங்கலுக்கு நம் சங்கத்தின் பெயரை அச்சடித்து வீட்டுக்கு ஒரு துணிப்பை கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆணியில் இன்னொரு பை கூடும், அவ்வளவுதான் நடக்கும் என்று எனக்குப் படுகிறது. காரணத்தைச் சொல்ல, பையின் பழைய கதைக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

புடவையில் பாக்கெட் வைக்க இடமில்லை. அதனால்தான் நம் பாட்டிமாருக்குச் சுருக்குப்பை இருந்தது. கையளவு துணி, வாயில் கயிறு, இழுத்தால் மூடிக்கொள்ளும், இடுப்பில் செருகிக்கொண்டால் யார் கண்ணிலும் படாது. என் பாட்டி விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறும்போது கண்டக்டர் வந்து நின்ற பிறகுதான் அதை வெளியே எடுப்பார். அதில் இரண்டு அறை. ஒன்றில் வெற்றிலை பாக்கு, சுண்ணாம்பு டப்பா. இன்னொன்றில் சில்லறையும் பீரோ சாவியும். வீட்டில் கிழிந்த ரவிக்கைத் துணியில் அவரே கையால் தைத்தது. பணம் தீர்ந்துபோன நாளிலும் பை இடுப்பில்தான் இருந்தது. மாதாகோயில் திருவிழாவோ மாரியம்மன் திருவிழாவோ, பை இல்லாமல் அவர் வாசலைத் தாண்டிப் பார்த்ததில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்திலும் பிரான்சிலும் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை பெண்களின் பாக்கெட் உடையோடு சேர்த்துத் தைத்ததில்லை. அதுவும் தனிப்பைதான். நாடா கோத்து இடுப்பில் கட்டி, பாவாடைக்குள் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பாவாடையின் பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும், அதன் வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். பலர் வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள், சிலர் பூவேலையும் செய்தார்கள். 1790களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய உடை நாகரிகமானதும் உள்ளே பை கட்ட வழியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் கையில் தொங்கும் சின்னப் பை வந்தது. ஆண்களின் கோட்டில் பாக்கெட்டுகள் பெருகின, பெண்களின் பாக்கெட் கைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் சுடிதார் வாங்கும்போது பாக்கெட் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது, கவனித்திருப்பீர்கள்.

நம் ஆண்களுக்கு வேட்டி மடி இருந்தது, தோளில் துண்டு இருந்தது. துண்டில் அரிசியைக் கூட முடிந்து கொண்டுவருவார்கள். புத்தகமும் நோட்டும் கண்ணாடியும் சுமக்க வேண்டி வந்தவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் மாட்டிக்கொண்டது ஜோல்னாப் பை. இந்தியில் ஜோலா என்பார்கள், அதன் உறவுக்காரச் சொல்தான் நம் ஜோல்னா. கதர்க்கடையில் விற்றது. காங்கிரஸ் தொண்டர், கம்யூனிஸ்ட் தோழர், சிறுபத்திரிகை நடத்தியவர், தமிழாசிரியர் என்று எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் எல்லோர் தோளிலும் தொங்கியது இந்த ஒரு பைதான். வடக்கே போலி மருத்துவரை ‘ஜோலாச்சாப்’ டாக்டர் என்று கேலி செய்வார்கள். இங்கேயும் ஜோல்னாப் பை என்றால் பிழைக்கத் தெரியாதவர் என்று ஒரு சிரிப்பு உண்டு. கேலி இருந்தும் அந்தப் பை நிலைத்து நின்றது. பேனா, பஸ் சீட்டு, கண்ணாடிக் கூடு, பாதி படித்த புத்தகம் எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன. வீட்டில் மறந்து வைத்துவிட்டால் அன்றைய வேலையே நின்றுபோகும்.

பையை வீட்டில் தைப்பது சுலபமானது மெஷின் வந்த பிறகு. 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1851இல் ஐசக் சிங்கர் வாங்கினார். சிங்கர் கம்பெனியின் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்வது இயந்திரத்தை அல்ல, தவணையை. 1856இலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார்கள். அப்படித்தான் மெஷின் தையல்கடையைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. நம் நாட்டில் 1930களில் கல்கத்தாவின் ஜெய் எஞ்சினியரிங் ஒர்க்ஸ் ‘உஷா’ மெஷினைக் கொண்டுவந்தது. இன்றும் பல வீடுகளில் மூடி போட்டு, மேலே டிவி ரிமோட்டும் பூச்சாடியும் வைத்திருக்கும் கால்மெஷின் அந்த வம்சம்தான்.

இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு சந்தேகம் கொண்டிருந்த காந்தி, தையல் மெஷினுக்கு விலக்கு கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1924இல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் அவரிடம் நேராகவே கேட்டார்: எல்லா இயந்திரமும் வேண்டாம் என்கிறீர்களா? மனிதனின் கையை முடமாக்காத இயந்திரங்களுக்கு இடம் உண்டு என்றார் காந்தி, சிங்கர் மெஷினை உதாரணம் காட்டினார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனான மனிதர் அவர். ஆனாலும் காந்தி சொன்ன விஷயத்தில் பிழையில்லை. அந்த மாணவர்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து, 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். ஆதரவற்ற பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டம் ஒன்றை நம் மாநில அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடத்துகிறது. ஒரு மெஷின் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதை நம் தெருக்களிலேயே பார்த்திருப்பீர்கள்.

இனி மஞ்சப்பை. கல்யாணத்துக்கு வந்தவருக்குத் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கும் தாம்பூலப் பை. மஞ்சள் மங்கலம் என்பதால் அந்த நிறம், ஒரு பக்கத்தில் மணமக்கள் பெயர். அது வீடு வரை போய்ச் சேர்ந்தால் போதும், பாக்கெட் தேவைப்படவில்லை. பிறகு கிராமத்திலிருந்து துணிமணியை அதில் அடைத்துக்கொண்டு பட்டணம் வந்தவர்களை ‘மஞ்சப்பை’ என்றே கூப்பிடும் கேலி பிறந்தது. கேலிக்குப் பயந்தே பலர் அதை விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கேலி செய்யாத இன்னொரு பை அப்போது வந்துவிட்டது. பாலிதீன் என்ற பொருள் 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அதில் பனியன் போலக் கைப்பிடி வைத்து, ஒரே துண்டில் பை செய்யும் முறைக்கு, ஸ்வீடனில் செல்லோபிளாஸ்ட் கம்பெனியின் ஸ்டென் குஸ்தாஃப் துலின் 1965இல் காப்புரிமை பெற்றார். ஐந்து கிலோ அரிசியைத் தாங்கும், மழையில் நனையாது, ஓசியில் கிடைக்கும். முக்கியமாக, வீட்டிலிருந்து எதையும் எடுத்துவர வேண்டாம். நம்மை அது தோற்கடித்தது இந்தக் கடைசி வசதியால்தான்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். 2022இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம். கேலிப் பெயராக இருந்ததை அரசே பெருமையாக எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு கணக்கை நீங்கள் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தி விளைவித்து, நூற்று, நெய்து புதிதாகச் செய்யும் ஒரு துணிப்பையை 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில் அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும் என்றது. தண்ணீர், உரம் எல்லாம் சேர்த்து 2018இல் டென்மார்க் அரசு போட்ட கணக்கில் எண் ஆயிரங்களுக்குப் போகிறது. சாக்கடையை அடைக்கும் கவரும் மாட்டின் வயிற்றுக்குள் போகும் கவரும் இந்தக் கணக்குகளில் வராது. அதனால் பிளாஸ்டிக்கே நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் ஆணியில் தொங்கும் புதுப்பை யாருக்கும் உதவவில்லை என்பது உறுதி. வாரம் ஒருமுறை எடுத்துப் போனாலும் 131ஐத் தொட இரண்டரை வருடம் ஆகும். வீட்டில் கிடக்கும் பழைய புடவையும் வேட்டியும் அப்படியல்ல. பருத்திக்கான செலவை அவை எப்போதோ கட்டி முடித்துவிட்டன.

ஆகவே என் யோசனை: புதுப்பை அச்சடிக்க வேண்டாம். பழைய துணியில், பாக்கெட் வைத்து, தோளில் மாட்டும்படி நாமே தைப்போம். பர்ஸும் போனும் சாவியும் உள்ளே குடியிருந்தால் பை தானாகவே நம்மோடு கிளம்பிவிடும். பாட்டியின் சுருக்குப்பையும் தோழரின் ஜோல்னாப் பையும் அப்படித்தான் வீட்டைவிட்டுக் கிளம்பின.

தைப்பது கஷ்டமில்லை. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 15 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். துணி நைந்திருந்தால் இரட்டையாகப் போடுங்கள். வாருக்கு 9 அங்குல அகலம், 84 அங்குல நீளத்தில் ஒரு துண்டு வேண்டும். புடவையிலும் எட்டு முழ வேட்டியிலும் இது ஒட்டில்லாமல் கிடைக்கும், நாலு முழ வேட்டியில் கிடைக்காது. இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, பிறகு இரண்டாக மடித்து ஓரத்தில் தையல் ஓட்டினால் 4 அங்குல வார் வரும். இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்குங்கள். இந்த வளையத்தின் பாதி பையின் இரு பக்கமும் அடியுமாக ஓடும், மீதிப் பாதி தோளுக்கு மேலே போகும். கடையில் வாங்கும் பைகளில் கைப்பிடி இரண்டு மூன்று அங்குலத் தையலில்தான் தொங்குகிறது, அறுவதும் அங்கேதான். இதில் பாரம் பையைச் சுற்றியுள்ள முழுத் தையலிலும் பரவும். வளையத்தின் ஒட்டு தோளில் வரக்கூடாது, பையின் அடியில் வரட்டும்.

பாக்கெட்டை முதலில் தையுங்கள். பையை மூட்டிய பிறகு பாக்கெட் வைக்கப் போனால் மெஷின் ஊசிக்கு அடியில் துணியைத் திணிக்க முடியாமல் திண்டாடுவீர்கள். உட்பக்கம் போனுக்கு 5க்கு 7 அங்குலத்தில் ஒன்று, சாவிக்கும் சில்லறைக்கும் அதைவிடச் சின்னதாக ஒன்று. பையின் வாயிலிருந்து மூன்று அங்குலமாவது கீழே இருக்கட்டும். மேல்மூலை இரண்டிலும் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டுங்கள், பிரிவது அங்கேதான். பழைய பேண்ட் இருந்தால் அதன் பின்பாக்கெட்டை அப்படியே வெட்டி வைத்துவிடலாம். எந்தப் பக்கம் மேல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் பையில் பாக்கெட் தலைகீழாக இருக்கிறது, வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். பிறகு வாயை ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்து, வாரோடு அரை அங்குலம் விட்டு மூட்டினால் பை தயார்.

மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் வீட்டுக் கால்மெஷினுக்குப் புது பெல்ட் போட்டு வைத்திருக்கிறேன். சங்கம் சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை லிஃப்டில் கீழே இறக்கிப் பொது ஹாலில் போட்டுவிடலாம். துணியை வீட்டிலேயே வெட்டி எடுத்து வாருங்கள். கத்தரிக்கோல் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மொண்ணை.