மூன்று மணிநேரக் கணக்கு: கோச்செல்லாப் பள்ளத்தாக்கின் ஸ்பானிய நிலையங்கள்

தெற்குக் கலிபோர்னியாவின் பாலைநிலமான கோச்செல்லாப் பள்ளத்தாக்கில் இயங்கும் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சிகளைப் பெரிய நிறுவனங்களின் மறுஒளிபரப்பு நிலையங்கள் என்றே ஆய்வாளரில் ஒரு சாரார் ஒதுக்குகின்றனர். அவர்கள் காட்டும் சான்று, 1999ஆம் ஆண்டின் சமூக ஒளிபரப்பாளர் பாதுகாப்புச் சட்டம்.

குறைந்த திறன் நிலையங்கள் சிலவற்றுக்கு ‘ஏ வகுப்பு’த் தகுதி வழங்கிய சட்டம் அது. நாளொன்றுக்கு 18 மணிநேரமாவது ஒளிபரப்ப வேண்டும். வாரத்தில் சராசரியாக 3 மணிநேர நிகழ்ச்சியாவது நிலையத்தின் சந்தைப் பகுதிக்குள் தயாரானதாக இருக்க வேண்டும். 126 மணிநேரத்தில் மூன்றுதானா என்று வகுத்துப் பார்த்து, உள்ளூர்த்தன்மை பெயரளவுக்கே என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பிரிவை நிதானமாகப் படித்தால் இந்த வாதம் நிற்காது. நிகழ்ச்சி எங்கே தயாரானது என்பதை மட்டுமே சட்டம் கேட்கிறது. யாரைப் பற்றியது, எந்த மொழியில் என்று கேட்கவில்லை. இண்டியோ நகரில் படமாக்கிய சமையல் நிகழ்ச்சி கணக்கில் சேரும். அதே ஊரின் குடிநீர் பற்றி லாஸ் ஏஞ்சலஸில் தயாரான செய்திப்படம் சேராது. போதாததற்கு, ஒரே உரிமையாளரின் நிலையக் குழு தங்களுக்குள் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. உரிமத்துக்கான குறைந்தபட்சத் தகுதியைச் சமூகப் பணியின் அளவுகோலாக்கியதுதான் பிழை.

ஸ்பானிய மொழி வலையமைப்பான டெலிமுண்டோவின் நிகழ்ச்சிகளைத் தரும் குனா நிலையத்தைப் பாருங்கள். அது ஏ வகுப்பில் இல்லை. ஆகவே மூன்று மணிநேரக் கடமையும் அதற்கு இல்லை. ஆனாலும் பள்ளத்தாக்கின் தவுசண்ட் பாம்ஸில், சகோதர நிலையமான கேஇஎஸ்கியூவின் கூரையின் கீழ், உள்ளூர்ச் செய்தியை ஸ்பானிய மொழியில் தயாரித்தது. விளம்பர வருவாய்க்காகத்தானே என்பார்கள். இருக்கட்டும், செய்தி வீடு வந்து சேர்ந்ததா என்பதே இங்கே கேள்வி.

இந்த உள்ளூர்த்தன்மையில் நில அமைப்புக்கும் பங்குண்டு. மேற்கே 3,302 மீட்டர் உயர சான் ஹசிந்தோ சிகரம் லாஸ் ஏஞ்சலஸ் அலைகளை மறித்து நிற்கிறது. பள்ளத்தாக்கிலுள்ள ஈடம் குன்றின் கோபுரங்களிலிருந்து கிளம்பும் சிறிய அலைக்கோ, பேரீச்சை, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பள்ளத்தாக்கே எல்லை.

இவ்வாதத்தை ஓரளவுக்கு மேல் நீட்டவும் கூடாது; ஸ்பானியச் செய்தி எல்லா வீட்டையும் எட்டிவிடுவதில்லை. பள்ளத்தாக்கின் கிழக்கிலுள்ள தெர்மல் அருகே, டோரஸ் மார்ட்டினெஸ் பழங்குடி நிலத்திலுள்ள ஓயசிஸ் குடியிருப்பின் குடிநீரில், அனுமதிக்கப்பட்ட வரம்பைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு ஆர்சனிக் இருந்ததால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் அவசர ஆணை பிறப்பித்தது. கிழக்குப் பள்ளத்தாக்கின் இத்தகைய குடியிருப்புகளில் மெக்சிகோவின் மிச்சோகானிலிருந்து வந்த புரெபெச்சா மக்கள் பலர் வாழ்கின்றனர். ஸ்பானிய மொழி அவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. இந்த மொழி இடைவெளி மூன்று மணிநேரக் கணக்கில் எங்கும் தெரியாது.

ஏ வகுப்பு நிலையங்கள், எந்தெந்த உள்ளூர்ப் பிரச்சினைகளை எந்த நிகழ்ச்சிகளில் கையாண்டன என்ற பட்டியலைக் காலாண்டுதோறும் பொதுக் கோப்பில் சேர்க்கக் கடமைப்பட்டவை. நிமிடங்களை எண்ணுவோர் முதலில் அந்தப் பட்டியல்களைப் படிக்க வேண்டும். குனா போன்ற நிலையங்களுக்கு அந்தக் கடமையும் கிடையாது; அவற்றின் செய்தியறிக்கைகளையே தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.