தேன் சொட்டிய புளியும் உறங்காத புளியும்

புளியமரத்தடியில் இரவில் படுக்கக் கூடாது என்பது நெல்லைச் சீமையின் பழைய எச்சரிக்கை. பேய் குடியிருக்கும் மரம் என்பார்கள். முற்றத்தில் வேம்பை வைப்பவர்கள் புளியை வைக்கத் தயங்குவார்கள். ஆயினும் தென்காசிப் பகுதியில் என் தலைமுறைப் பிள்ளைகளின் நினைவில் ஆழ வேரூன்றிய மரம் எது என்று கேட்டால், புளிதான் என்று தயங்காமல் சொல்வேன்.

தென்காசியை அடுத்த இலத்தூரில் மதுநாதசுவாமி கோயில் உள்ளது. அகத்தியர் மணலால் இலிங்கம் பிடித்து வழிபட்டபோது, மேலே கவிந்திருந்த புளியமரத்துத் தேனடையிலிருந்து தேன் சொட்டி அதை நனைத்ததாகவும், அதனாலேயே இறைவன் மதுநாதர் ஆனதாகவும் தலபுராணம் கூறும். மது என்பது இங்கே தேன். புளியிலிருந்து தித்திப்பு சொட்டிற்று என்று கற்பித்த மனம் எளிய மனமன்று.

தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரியின் உறங்காப்புளியோ இன்னும் வியப்பானது. பிறந்தது முதல் அழாமலும் பாலுண்ணாமலும் இருந்த பிள்ளையைப் பெற்றோர் அம்மரத்தடியில் விட்டனர். மதுரகவி வந்து வினவும்வரை பதினாறு ஆண்டுகள் நம்மாழ்வார் அங்கே மோனத்தில் இருந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. இரவில் புளியின் சிற்றிலைகள் இணைந்து மூடிக்கொள்வது இயல்பு. இம்மரம் மட்டும் மூடுவதில்லை என்பர். நம்பிக்கையைச் சோதிப்பது என் வேலையன்று. தாய்மடியில் கழிய வேண்டிய பருவத்தை ஒரு மரத்தின் பொந்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்களே, அதுதான் என்னைத் தொடுகிறது.

இத்தனைக்கும் புளி, தாவரவியலார் கூற்றுப்படி, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அரேபியர் அதை 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். 1753இல் லின்னேயசும் 'டாமரிண்டஸ் இண்டிகா' என்றே பெயரிட்டார். வந்த மரத்துக்கு வந்த ஊரே பெயராயிற்று.

தெற்கே சாலையோரப் புளிகளைப் பற்றிப் பேசினால் ராணி மங்கம்மாளின் பெயர் வராமல் இராது. 1689 முதல் 1706 வரை ஆண்ட அவரைச் சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்த்தே மக்கள் நினைக்கின்றனர். பின்னாளில் அரசாங்கம் மரங்களுக்கு எண் எழுதியது. ஆண்டுதோறும் காய்களை ஏலம் விட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரருக்கும் எங்களுக்கும் ஓயாத போர். துளிரும் பூவும் செங்காயும் எங்கள் பங்கு, பழம் அவருடையது. (சுந்தர ராமசாமி 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை'யை எழுதியதும் நாகர்கோவிலில் நின்ற ஒரு மரத்தை வைத்துத்தான். செங்கோட்டை வட்டமும் 1956 நவம்பர் 1 வரை அந்தத் திருவிதாங்கூர் மண்ணோடு சேர்ந்தே இருந்தது.)

கோடையில் பெண்கள் திண்ணையில் அரிவாள்மணையோடு அமர்ந்து புளி குத்துவார்கள். கொட்டை எங்களுக்கு. ஒருபக்கத்தைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கினால் தாயக்கட்டை. அப்படியே எண்ணிப் போட்டால் பல்லாங்குழி. தரையில் சூடேறத் தேய்த்து, அசந்திருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடுவதும் உண்டு.

திருநெல்வேலி–தென்காசிச் சாலையை நான்கு வழியாக்கியபோது சாலையோர மரங்கள் வீழ்ந்தன. சாலை வேண்டாம் என்பாரில்லை. நானும் அதில்தான் பயணிக்கிறேன். ஆனால் ஈடாக மரம் நடும்போது விரைவில் நிழல் தரும் கன்றுகளையே தேடுகிறோம். புளி மெல்ல வளரும்; விதையிலிருந்து வந்த கன்று காய்க்கப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். அந்தப் பத்தாண்டுகளைப் பொறுத்துக்கொள்ளும் திட்டம் ஒன்று வேண்டும்.