டாஸ்மன் தீபகற்பம்: மூன்று முனைகளும் நடைபாதைகளும்

ஆஸ்திரேலியாவின் தென்கோடி மாநிலமான டாஸ்மேனியாவின் தென்கிழக்கு மூலையில், செங்குத்தான பாறைச் சுவர்களோடு கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலப்பகுதி டாஸ்மன் தீபகற்பம். தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து சாலை வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். முதலில் டனலி என்ற சிற்றூரில் ஒரு குறுகிய நிலப்பாலம். அதைக் கடந்தால் ஃபாரஸ்டியர் தீபகற்பம். அதன் தெற்கு முடிவில் ஈகிள்ஹாக் நெக் என்னும் இன்னொரு நிலப்பாலம். நூறு மீட்டர்கூட அகலமில்லாத அந்த இடத்தில் ஒரு பக்கம் திறந்த கடல் அலையடிக்கும், மறுபக்கம் உள்விரிகுடா அமைதியாகக் கிடக்கும். தீபகற்பத்தின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் இந்தக் குறுகலே காரணம்.

தெற்கிலும் கிழக்கிலும் எழும் பாறைச் சுவர்கள் டோலரைட் என்னும் கருங்கல் வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் ஒன்றாயிருந்த கோண்ட்வானா பெருநிலம் பிளவுபடத் தொடங்கிய காலத்தில், பாறைக்குழம்பு பழைய வண்டல் அடுக்குகளுக்கு இடையே புகுந்து மெல்ல ஆறியது. ஆறும்போது சுருங்கி, நெடுக்காக வெடித்துத் தூண்களாகப் பிரிந்தது. மேலிருந்த மண்ணும் கல்லும் பல கோடி ஆண்டுகளில் கரைந்து போனபின் தூண்கள் வெளியே தெரிந்தன. பில்லர் முனையில் இவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்கின்றன. தென் அரைக்கோளத்தின் மிக உயர்ந்த கடலோரச் செங்குத்துகளில் இவையும் சேரும்.

ஈகிள்ஹாக் நெக் அருகே கரையின் முகம் வேறு. அங்கிருப்பது டோலரைட்டைவிடப் பழைய, பெர்மியன் கால வண்டல் கல். கடற்கரையின் வடகோடியில் அது தச்சன் அளந்து வெட்டியதுபோல் நேர்கோடுகளால் பிளந்து கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. நிலவியலாளர் இதில் இரண்டு வகை காண்கின்றனர். அலைக்கு எட்டத்தில், நீர் வடிந்து வெயிலில் நெடுநேரம் காயும் கட்டங்களில் உப்பு படிகமாகி, கல்லின் நடுப்பரப்பை அரித்துவிடுகிறது. ஓரங்கள் மட்டும் வரப்பாக நிற்கின்றன. அலைக்கு அருகே, காய நேரமில்லாத இடத்தில் நடந்திருப்பது நேர்மாறு. மணலும் நீரும் வெடிப்பு வழியே ஓடி ஓரங்களைத் தேய்க்க, நடுப்பகுதி ரொட்டிபோல் புடைத்து நிற்கிறது. ஒரே பாறை சில அடி தூரத்துக்குள் இரண்டு விதமாகத் தேய்ந்திருப்பதைக் குனிந்து பார்த்தால் கண்ணாலேயே காணலாம். வற்றுநேரம் பார்த்துப் போக வேண்டும்.

சற்றுத் தெற்கே டாஸ்மன் வளைவும் டெவில்ஸ் கிச்சனும் ஒரே கதையின் இரண்டு கட்டங்கள். அலை பாறையின் பலவீனமான வெடிப்பைக் குடைந்து குகையாக்கும். குகையின் உட்கூரை இடிந்து, வாயிலுக்கு மேலிருந்த பகுதி மட்டும் தங்கினால் அது வளைவு. அதுவும் விழுந்தால் மிஞ்சுவது திறந்த பெரும்பிளவு. வளைவும் ஒருநாள் டெவில்ஸ் கிச்சனைப் போல ஆகிவிடும்.

இந்நிலத்தின் முதல் மக்கள் பைடைரெர்மே என்ற பழங்குடிக் குழுவினர். 1642 டிசம்பரில் டச்சு மாலுமி ஆபெல் டாஸ்மனின் கப்பல்கள் ஃபாரஸ்டியர் கரையோரம் நின்றன. கடல் கொந்தளித்ததால் படகு கரையேற முடியவில்லை. கப்பலின் தச்சர் நீந்திப்போய்க் கொடியை நட்டுத் திரும்பினார். பின்னர் வந்த பிரெஞ்சுக் கடற்பயணங்களின் தடம் ரவுல், ஹாய் போன்ற முனைப்பெயர்களில் இருக்கிறது.

அடுத்த அத்தியாயம் கொடியது. 1830 அக்டோபரில் துணை ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர், படையினர், குடியேறிகள், கைதிகள் என ஏறத்தாழ 2,200 பேரை வரிசையாக நிறுத்தி, பழங்குடியினரை ஈகிள்ஹாக் நெக் வழியாக இத்தீபகற்பத்துக்குள் துரத்தி அடைக்க முயன்றார். 'கருப்புக் கோடு' எனப்பட்ட அந்த வேட்டையில் இருவர் சிக்கினர், இருவர் கொல்லப்பட்டனர். ஆனால் அது உண்டாக்கிய அச்சம் பெரிது. உயிர்தப்பிய பழங்குடியினர் பலர் அடுத்த சில ஆண்டுகளில் ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இன்று இங்கே நடக்க வருபவர் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அதே ஆண்டில்தான் மரம் வெட்டும் கைதி முகாமாகப் போர்ட் ஆர்தர் தொடங்கியது. சுற்றிலும் கடலும் பாறைச் சுவரும் இருந்ததால், குறுகலான அந்த வாசலைக் காத்தாலே போதும் என்று ஆட்சியாளர் கணக்கிட்டனர். 1830களின் தொடக்கத்தில் ஈகிள்ஹாக் நெக்கின் குறுக்கே மூர்க்கமான காவல்நாய்களைச் சங்கிலியில் கட்டினர். இரவில் விளக்குகள் எரிந்தன. நீருக்குள் அமைத்த மேடைகளிலும் நாய்கள் நின்றன. 1842 டிசம்பரில் மார்ட்டின் கேஷ் என்ற கைதி இரு கூட்டாளிகளோடு நீந்தித் தப்பினார். உடைகளை அலை அடித்துக்கொண்டு போயிற்று. 1832-இல் கட்டிய காவல் அதிகாரிகளின் மரவீடு இன்னும் அங்கே இருக்கிறது.

சிறை 1877-இல் மூடப்பட்டது. கைதிகள் வாழ்ந்த கட்டடங்களைப் பார்க்கப் பயணிகள் வரத் தொடங்கினர். வந்தவர்கள் வளைவையும் பாறைக் கட்டங்களையும் பார்த்தனர். சிறைச் சின்னத்தை மறக்க விரும்பியோர் ஊருக்குக் கார்நார்வன் என்று பெயர் மாற்றிப் பார்த்தனர். 1920களில் பழைய பெயரே திரும்பிவிட்டது. 2010-இல் யுனெஸ்கோ, போர்ட் ஆர்தரையும் சால்ட்வாட்டர் ரிவர் நிலக்கரிச் சுரங்கக் களத்தையும் ஆஸ்திரேலியக் கைதிக் களங்களின் வரிசையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பில்லர் முனைக்கு எதிரே உள்ள டாஸ்மன் தீவில் 1906-இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. தீவின் விளிம்பு நாற்புறமும் செங்குத்து. உணவும் எண்ணெயும் ஆட்களும் படகிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் கூடையில் மேலே போயினர். விளக்குக் காவலர் குடும்பங்கள் 1977 வரை அங்கே வாழ்ந்தன. அவர்கள் போனபின் காட்டுப்பூனைகள் கடற்பறவைகளை வேட்டையாடிவந்தன. 2010-இல் பூனைகள் அகற்றப்பட்டன.

ஹாய் முனைக்கு எதிரே கடலில் தனியே நிற்கும் டோட்டம் போல் என்ற கல்தூண் ஏறத்தாழ 65 மீட்டர் உயரமும் அடியில் 4 மீட்டர் அகலமும் கொண்டது. 1968-இல் ஜான் யூபாங்க் என்ற பாறையேறுநர் முதலில் இதன் உச்சியை அடைந்தார். அன்றுமுதல் உலகப் பாறையேறுநர் பலரும் இங்கே வருகின்றனர். ஃபார்ட்டஸ்க்யூ விரிகுடாவிலிருந்து ஹாய் முனைக்குப் போய்த்திரும்ப ஏறத்தாழ 9 கிலோமீட்டர். கல்படிகள் ஏறி இறங்கி ஏறும் வழி. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக் கிளம்ப வேண்டும்.

1999-இல் டாஸ்மன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் பில்லர் முனைப் பாதை பெரும்பாலும் புதரும் சேறுமாக இருந்த, கூடாரம் சுமந்து செல்வோரின் பாதை. 2015 டிசம்பரில் திறக்கப்பட்ட 'த்ரீ கேப்ஸ்' பாதை அதை மாற்றியது. போர்ட் ஆர்தரிலிருந்து படகில் டென்மன்ஸ் கோவ் சேர்ந்து, மூன்று இரவு குடில்களில் தங்கி, பில்லர், ஹாய் முனைகளைக் கண்டு, நான்காம் நாள் ஃபார்ட்டஸ்க்யூவில் முடிப்பார்கள். மொத்தம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். அரசுக் குடில்களில் நாளொன்றுக்கு 48 பேருக்கே இடம். பெயரில் மூன்று முனை இருந்தாலும் மூன்றாவதான ரவுல் முனையைத் தொலைவிலிருந்துதான் பார்க்க முடியும். அதற்குத் தனியாக, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஒருநாள் நடை உண்டு. செலவு அதிகம் என்ற குறை நியாயமானது. ஆனாலும் கல் பாவிய பாதை சேற்றில் மண் அரிப்பதை நிறுத்தியது, கூடாரத்தைச் சுமக்க முடியாத முதியவர்களையும் பில்லர் முனை வரை கொண்டுசேர்த்தது. பழைய முறையில் நடப்பவர்களுக்குக் கூடார இடங்களும் உள்ளன.

பாறைகளுக்குக் கீழே கடல் மாறிவிட்டது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வெப்பநீரைத் தெற்கே தள்ள, ஃபார்ட்டஸ்க்யூ விரிகுடாவில் முக்குளிப்போர் பார்த்துவந்த ராட்சதக் கடற்பாசிக் காடுகள் பெரும்பாலும் அழிந்தன. 2012-இல் ஆஸ்திரேலிய அரசு இக்காடுகளை அழியும் நிலையில் உள்ளவையாக அறிவித்தது. 2013 ஜனவரியில் டனலியைக் காட்டுத்தீ எரித்தபோது தீபகற்பத்துக்கான ஒரே சாலை அடைபட்டது. ஈகிள்ஹாக் நெக் கைதிகளை மறித்ததுபோல் டனலியின் நிலக்குறுகல் பயணிகளையும் ஊர்மக்களையும் மறித்துவிட, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படகுகளில் வெளியேற்றப்பட்டனர். கோடையில் அங்கே போவோர் தீ எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

நடைபாதைகளின் தொடக்கத்தில் காலணி துடைக்கும் தூரிகைகள் வைத்திருப்பார்கள். மண்ணில் ஒட்டிவரும் ஃபைட்டோப்தோரா என்னும் வேரழுகல் கிருமி இங்குள்ள புதர்ச்செடிகளைக் கொல்லும். ஒரு பகுதிக்குள் நுழைந்துவிட்டால் அதை ஒழிக்க வழியில்லை. போகிறவர்கள் காலணியின் அடியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு நடக்கத் தொடங்க வேண்டும்.