பெரும் ஊர்திகளுக்கான மாற்று டயர் தேர்வு

பெரும் ஊர்திகளுக்கான மாற்று டயர் தேர்வு என்பது பேருந்து, சரக்குந்து, கேரவன் எனப்படும் நடமாடும் வீட்டு ஊர்தி ஆகியவற்றின் தேய்ந்த அல்லது பழமையான டயர்களுக்கு ஈடாகத் தகுந்த டயர்களைத் தெரிவு செய்யும் முறையாகும். அளவையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குவது பரவலான வழக்கம். எனினும் ஒவ்வோர் அச்சின் மீதும் இறங்கும் எடையும் டயரின் வயதுமே இத்தேர்வின் அடிப்படைகளாகும். முன் டயர் ஓட்டத்தில் வெடித்தால் ஊர்தி ஒரு பக்கமாக இழுக்கப்பட்டுக் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும் என்பதால், இது பயணிகளின் உயிரைச் சார்ந்த தேர்வாகவும் அமைகிறது.

குறியீடுகள்

டயரின் பக்கச்சுவரில் 295/80 ஆர் 22.5, 152/148 எம் என்பது போன்ற குறியீடு காணப்படும். இதில் 295 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 80 என்பது அகலத்தின் விழுக்காடாகப் பக்கச்சுவரின் உயரம்; ஆர் என்பது ரேடியல் வகை; 22.5 என்பது அங்குலத்தில் சக்கர வளையத்தின் விட்டம். 152 என்பது டயர் ஒற்றையாகப் பொருத்தப்படும்போதும், 148 என்பது இரட்டையாகப் பொருத்தப்படும்போதும் பொருந்தும் சுமைக் குறியெண்கள். இவை முறையே 3550, 3150 கிலோகிராம் சுமையைக் குறிக்கின்றன. எம் என்பது மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும்.

எடைக் கணக்கு

2018 சூலையில் இந்திய நடுவண் அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. இரு டயர் கொண்ட முன் அச்சின் வரம்பு 6 டன்னிலிருந்து 7 டன்னாகவும், நான்கு டயர் கொண்ட அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும் ஆயின. பேருந்துகளில் நெடுங்காலமாகப் புழங்கும் 10.00 ஆர் 20 அளவு டயர் 146/143 குறியெண் கொண்டதாயின், ஒற்றையாக 3000, இரட்டையாக 2725 கிலோகிராம் தாங்கும். அதாவது முன் அச்சுக்கு 6000, பின் அச்சுக்கு 10,900 கிலோகிராம். பழைய வரம்புக்குப் போதுமான இந்த டயர் புதிய வரம்புக்குப் போதாது. 152/148 குறியெண் கொண்ட டயர்களோ 7100, 12,600 கிலோகிராம் தாங்கும். ஒரு குறிப்பிட்ட ஊர்திக்கு அதன் பதிவுச் சான்றிதழில் உள்ள எடையே வரம்பாகும்.

கேரவனில் நீர்த்தொட்டி, மின்னாக்கி, மின்கலங்கள், குளிரூட்டி முதலியன எப்போதும் ஏற்றப்பட்டே இருக்கும். 200 லிட்டர் நீர் மட்டுமே 200 கிலோகிராம் ஆகும். எனவே தொட்டியை நிரப்பி, பயணப் பொருட்களுடன், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடைமேடையில் நிறுத்தி எடையிட்ட பின்னரே டயரைத் தெரிவு செய்தல் வேண்டும்.

டயரின் வயது

பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெப்பத்தாலும் ஆக்சிசன், ஓசோன் ஆகியவற்றாலும் இரப்பர் இறுகி வெடிப்புகள் தோன்றுகின்றன. குறைவாக ஓடி நெடுநாள் வெயிலில் நிற்கும் ஊர்திகளில், பள்ளம் ஆழமாக இருக்கும்போதே டயர் பயனற்றுப் போகலாம். ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், தயாரிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகளானதும் மாற்றவும் பல நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன.

பொருத்துதல்

20 அங்குல வளையத்துக்கான டியூப் டயருக்குப் பதிலாக 22.5 அங்குல டியூப்லெஸ் டயரைப் பொருத்த, சக்கர வளையத்தையும் மாற்ற வேண்டும். ஓர் அச்சில் ரேடியல் டயரையும் சாதாரண நைலான் டயரையும் கலக்கலாகாது. பின் சக்கரத்தின் இரட்டை டயர்கள் ஒரே விட்டமுடையனவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் பெரிய டயரே மிகுதியான சுமையைத் தாங்க நேரிடும். உட்புற டயரில் காற்றுக் குறைந்தாலும் இதே நிலை ஏற்படும்.

ரீட்ரெடிங்

தேய்ந்த டயரின் மேற்பரப்பில் புதிய இரப்பர்ப் பட்டையை ஒட்டும் முறை ரீட்ரெடிங் எனப்படுகிறது. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் தயாரிக்கும் சிறு தொழிற்கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952இல் இறங்கியது ரீட்ரெடிங்குக்கான இரப்பர்த் தயாரிப்பிலேயே. டயர் தயாரிப்பு அதன் பின்னரே வந்தது. செலவைக் குறைக்கும் இம்முறை பின் அச்சுக்கு ஏற்றது. பயணிகள் ஊர்தியின் முன் அச்சில் புதிய டயர்களைப் பொருத்துவதே பாதுகாப்பான வழக்கமாகும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

திருச்சிராப்பள்ளி–இராமநாதபுரம், தஞ்சாவூர்–மானாமதுரை நெடுஞ்சாலைகள் புதுக்கோட்டை வழியாகச் செல்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில் புதுக்கோட்டை ஒரு மண்டலமாகும். இம்மாவட்டத்தின் கடும் கோடை வெயிலில் காற்றழுத்தம் குறைந்த டயரின் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து, சூடேறி, உள் அடுக்குகள் பிரியக்கூடும். ஆகவே ஊர்தி புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தை அளத்தல் வேண்டும். ஓட்டத்தில் சூடேறி உயர்ந்த அழுத்தத்தைக் குறைக்கக் காற்றை இறக்குதல் தவறு. மாவட்டத்தில் கல் குவாரிகள் மிகுதி. குவாரிச் சாலைகளில் ஓடும் ஊர்திகளின் இரட்டை டயர்களுக்கிடையே கல் சிக்கிப் பக்கச்சுவரைச் சேதப்படுத்துவதுண்டு.

சட்டம்

நடுவண் மோட்டார் ஊர்தி விதிகளின்படி பேருந்து, சரக்குந்து ஆகியவற்றின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. 2009இன் தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குப் பின் டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது.